கணக்கில் வராத காடுகள்



இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை அடுத்து வைதம் வுட்ஸ் என்று ஒரு காடு இருக்கிறது. சுமார் 1,000 ஏக்கர். நம் பக்கத்துப் பெரிய ஏரிகள் பல அதைவிடப் பரந்தவை. 1947-இல் டேவிட் லேக் என்ற பறவையியலாளர் அந்தக் காட்டு மரங்களில் கூட்டுப்பெட்டிகளை மாட்டினார். கிரேட் டிட் என்னும் சிட்டுவகைப் பறவைகள் எந்தத் தேதியில் முட்டையிடுகின்றன, எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது, எத்தனை குஞ்சு பறந்து போனது என்று குறிக்கத் தொடங்கினார். அவர் காலமாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. குறிப்பெடுப்பது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ஒரு குஞ்சின் காலில் வளையம் மாட்டும்போதே அதன் தாய் எது, பாட்டி எது என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. வசந்தம் முன்கூட்டியே வருகிறது. ஓக் மரத் தளிரைத் தின்னும் புழுக்களும் முன்கூட்டியே பெருகுகின்றன. அந்தப் புழுக்களை ஊட்டிக் குஞ்சு வளர்க்கும் பறவையும் முட்டையிடும் நாளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வருகிறது. பருவநிலை மாற்றம் ஒரு சின்னப் பறவையின் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை அவர்களால் தேதிவாரியாகக் காட்ட முடிகிறது. அந்த ஏடுகளைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு மனம் நிறைந்துவிடும். கூடவே ஓர் ஏக்கமும் வரும்.

நம் கிழக்குக் கடற்கரையை ஒட்டி, புதுக்கோட்டையிலிருந்து விழுப்புரம் வரைக்கும் திட்டுத்திட்டாகக் கோயில்காடுகள் நிற்கின்றன. வீரை, பாலை, காசா என்று வறட்சியிலும் இலை உதிர்க்காத மரங்கள். அய்யனாருக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்டவை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் காடுகளின் மரங்களை அக்கறையோடு கணக்கெடுத்திருக்கிறார்கள். அது பெரிய வேலை. ஆனால் எழுபது, எண்பது ஆண்டு இடைவிடாமல் கூடு கூடாகப் பார்த்து எழுதிய ஏடு இங்கே எந்தக் காட்டுக்கும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இந்தக் காட்டில் எத்தனை வகை அந்துப்பூச்சி இருந்தது, அவற்றில் எது போய்விட்டது என்று கேட்டால் ஊர்ப் பெரியவரின் ஞாபகம்தான் சாட்சி. அந்த ஞாபகத்தை எந்த நீதிமன்றமும் ஆவணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இதழில் நான் உங்களோடு பேச விரும்புவது இதைத்தான். எங்கே உயிர்கள் நிறைந்திருக்கின்றனவோ, எங்கே அவை வேகமாக அழிகின்றனவோ, அங்கே ஆராய்ச்சி குறைவாக நடக்கிறது. ஆராய்ச்சி நடக்காத இடத்துக்குப் பாதுகாப்பும் வந்து சேருவதில்லை.

இது என் மனக்குறை மட்டுமல்ல. மூன்று பத்தாண்டுகளில் வெளியான இயற்கைப் பாதுகாப்பு ஆய்வுகளை மொரேனோ டி மார்கோவும் சக ஆய்வாளர்களும் அலசி 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றில் நாற்பது ஆய்வுகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய மூன்றே நாடுகளில் நடந்தவை. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் பத்து. தென்கிழக்கு ஆசியாவுக்கு ஆறு. போர்னியோவும் சுமத்ராவும் மீகாங் ஆறும் அந்த ஆறுக்குள் அடங்க வேண்டும்.

உயிரினங்களின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் உலகளாவிய பெருந்தொகுப்புகளிலும் இதே கதைதான். அவற்றை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஐந்தில் நான்கு பங்கு பதிவுகள் பத்தே நாடுகளிலிருந்து வந்தவை என்று கண்டது. அமெரிக்காவின் பங்கு மட்டும் மூன்றில் ஒன்றுக்கு மேல். இன்னொன்றும் அதில் உண்டு. பதிவுகளில் மிகப் பெரும்பான்மை ஏதோ ஒரு சாலைக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்குள் எடுக்கப்பட்டவை. கார் போகிற இடம்வரைக்கும்தான் உலகத்தின் உயிர்களை நாம் அறிந்து வைத்திருக்கிறோம்.

பூச்சிகள் விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற ஊரில் ஒரு பூச்சியியல் சங்கம் இருக்கிறது. 1905-இல் தொடங்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆர்வத்தால் பூச்சிகளைக் கவனித்தவர்கள். கூடாரம் போன்ற துணிப்பொறி ஒன்றை 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். பறந்து வந்து மாட்டும் பூச்சிகள் சாராயப் புட்டியில் சேரும். சாராயத்தை வடித்துவிட்டு எடை போடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே அமைப்புள்ள பொறி, ஒரே எடை போடும் முறை, 27 வருடம். 2017-இல் அந்த எடைகளைக் கூட்டிப் பார்த்தபோது பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உலகமே திடுக்கிட்டது. ‘பூச்சிகளின் பேரழிவு’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

அந்தச் சங்கத்துக்காரர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அதற்குப் பிறகு உலகப் பூச்சிகளின் நிலை என்று எழுதப்பட்ட தொகுப்பாய்வுகளைப் புரட்டினால், ஆதாரங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவும் வட அமெரிக்காவும்தான். பூச்சி வகைகள் மிகுந்த வெப்பமண்டலத்திலிருந்து மிகச் சிலவே. நம் வீட்டுத் தெருவிளக்கைச் சுற்றி மழைக்காலத்தில் மொய்க்கும் ஈசலும் வண்டும் முன்பைவிடக் குறைந்துவிட்டன என்று நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை நிரூபிக்க ஒரு புட்டியும் நம்மிடம் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் பணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். பணம் முக்கியக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. எப்போது போகிறோம், எந்தப் பருவத்தில் போகிறோம் என்பதும் இருக்கிறது. அதற்கு ஒரு தவளையின் கதையைச் சொல்ல வேண்டும்.

2003-இல் எஸ்.டி. பிஜு என்ற கேரள விஞ்ஞானியும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசைட்டும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு புதிய தவளையை அறிமுகப்படுத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இடுக்கிப் பக்கத்திலிருந்து கிடைத்தது. ஊதா நிறம், உப்பிய உடம்பு, கூர்ந்த சின்ன மூக்கு. வருடம் முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்கிறது. பருவமழைக்கு முந்திய முதல் கனமழைகளில், சில நாள்களுக்கு மட்டும், இரவில் மேலே வந்து ஓடையோரத்தில் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டுத் திரும்பவும் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதன் தலைப்பிரட்டைகளுக்கு வாயே உறிஞ்சுதட்டு. பாய்ந்து விழும் வெள்ளத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும். இந்தத் தவளைக்கு மிக நெருங்கிய உறவினர்கள் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, பிரிந்துபோன கிளை. ஒரு புதிய குடும்பமாகவே அதை அன்று அறிவித்தார்கள்.

அறிவியலில் 2003-இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. இடுக்கியில் அந்த ஓடைகளருகே வாழும் பழங்குடி மக்களோ அதன் தலைப்பிரட்டைகளைப் பாறையிலிருந்து பிடித்துச் சமைத்து உண்டு வந்தவர்கள். எந்த மழைக்கு எந்த ஓடையில் அவை இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நடுநிசியில், கொட்டும் மழையில், அட்டைக் காட்டில் போய் நிற்காதவர்களுக்கு அந்தத் தவளை இல்லை.

2017-இல் அதன் இன்னொரு இனம் நம் பக்கத்தில், மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்தவரும், 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்தவருமான எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இத்தனை கோடி ஆண்டு மண்ணுக்குள் இருந்த ஓர் உயிருக்கு, அதே மலைத்தொடரில் உயிரை விட்ட ஒருவரின் பெயர்.

இனி இந்தத் தவளையை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு விஷயத்தைப் பாருங்கள். நம் நாட்டில் சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிக்கும்போது காற்று, தண்ணீர், மண்ணோடு தாவரங்களையும் விலங்குகளையும் பற்றிய அடிப்படைத் தகவல் சேகரிக்க வேண்டும். வழக்கமான வரையறை என்ன தெரியுமா? ஒரு பருவம் போதும். அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். தூசியை அளப்பதற்கு அது சரியாக இருக்கலாம். மழையில் மட்டும் மேலே வரும் உயிருக்கு அந்த அறிக்கையில் இடம் ஏது? தவளை, நத்தை, நண்டு, ஈசல், ஆர்க்கிட், ஒரு மாதம் மட்டும் பூக்கும் புல் என்று பாதி உலகம் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. அறிக்கையில் ‘அரிய உயிரினம் ஏதும் காணப்படவில்லை’ என்று ஒரு வரி வரும். காணப்படவில்லை என்பது கோப்பில் ஏறியதும் இல்லை என்றாகிவிடுகிறது.

சர்வதேச அளவிலும் இப்படித்தான் நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் ‘தகவல் போதவில்லை’ என்று ஒரு பிரிவு உண்டு. அழியும் ஆபத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாதவை அதில் சேரும். அந்தப் பிரிவிலிருந்த 7,699 இனங்களை எடுத்து, அவை வாழும் இடங்களின் நிலைமையை வைத்துக் கணித்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு, பாதிக்கு மேற்பட்டவை ஆபத்தில்தான் இருக்கக்கூடும் என்றது. தவளை, தேரை போன்ற நீர்நில வாழ்விகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து. தகவல் இல்லாதவைதான் பெரும்பாலும் தவித்துக்கொண்டிருப்பவை.

கடலுக்கு வருவோம். நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த துருவக் கடல்களில் மேயும், குட்டி போட வெப்பக் கடல்களுக்கு வரும் என்பதுதான் பாடநூல் சொன்னது. துருவக் கடல்களில்தான் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் பின்னர் ஆய்வுக் கப்பல்களும் அதிகம் சுற்றின. ஆகவே அங்கே கண்டது உலக விதியாயிற்று. 2003-இல் இலங்கைக் கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்த ஆஷா டி வோஸ் என்ற இளம்பெண் நீலத் திமிங்கிலங்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஏதோ மிதந்தது. திமிங்கிலச் சாணம். சாணம் இருந்தால் தீனியும் அங்கேதான் இருக்க வேண்டும். வெப்பக் கடலிலேயே மேய்ந்து, துருவத்துக்குப் போகாமல் வட இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிடும் திமிங்கிலங்கள் இவை என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது.

அவை தங்கும் இடம் வேறு என்றால் அவற்றுக்கு வரும் ஆபத்தும் வேறு. இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால் உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று போகிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் செத்துக்கொண்டிருந்தன. அங்கே எத்தனை திமிங்கிலம், எந்த மாதத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்த கணக்குதான் கப்பல் நிறுவனங்களிடம் பேசப் பயன்பட்டது. உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. இதைப் படித்தபோது நெடுநாள் கழித்து ஒரு நல்ல செய்தி கேட்ட நிம்மதி எனக்கு.

ஆஷா டி வோஸ் பிறகு இலங்கையிலேயே ‘ஓஷன்ஸ்வெல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, தகவலைத் திரட்டிக்கொண்டு, உள்ளூரில் ஒருவரையும் பயிற்றுவிக்காமல் கிளம்பிவிடும் ‘பாராசூட் ஆய்வு’ முறையைப் பற்றி 2020-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மனம் திறந்து எழுதினார். அந்தந்தக் கடற்கரையைக் காக்க அந்தந்த ஊரில் வாழ்கிறவர் வேண்டும் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவருவது. அடுத்த வருடமே பவளப்பாறை ஆய்வுகளைப் பற்றிய ஒரு கணக்கு வெளியாயிற்று. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் களப்பணி நடத்தி வெளியிட்ட பவளப்பாறைக் கட்டுரைகளில் நூற்றுக்கு நாற்பதில் அந்த நாட்டு விஞ்ஞானி ஒருவர்கூட ஆசிரியராக இல்லை. ஆஸ்திரேலியாவில் இது இருபதுதான். படகோட்டியவர் இருந்திருப்பார், முக்குளித்தவர் இருந்திருப்பார், மொழிபெயர்த்துச் சொன்னவர் இருந்திருப்பார். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பெயர் இல்லை.

வெளிநாட்டார் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊதாத் தவளையின் கட்டுரையிலேயே ஒரு கேரளத்தவரும் ஒரு பெல்ஜியத்தவரும் சேர்ந்துதான் கையெழுத்திட்டார்கள். அப்படிச் சேர்ந்து செய்வதே முறை. கப்பல் போன பிறகு கரையில் ஒருவர் பைனாகுலரோடு நிற்க வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும், கருவி வேண்டும், அடுத்த ஆண்டும் அதே கடலுக்குப் போக அனுமதி வேண்டும்.

மொழியும் ஒரு தடை. ஜப்பானைச் சேர்ந்த தட்சுயா அமானோ இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஆங்கிலம் அல்லாத பதினாறு மொழிகளில் வெளியான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவர் குழு அலசி, இயற்கைப் பாதுகாப்புக்கு நேரடியாகப் பயன்படும் 1,234 ஆய்வுகளை எடுத்தது. அவற்றைச் சேர்த்தாலே ஆதாரம் கிடைக்கும் நிலப்பரப்பு 12 முதல் 25 விழுக்காடு வரை விரியும் என்று 2021-இல் காட்டியது. இந்திய மொழி எதுவும் அந்தப் பதினாறில் இல்லை. நம் நாட்டில் விஞ்ஞானக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. தமிழில் இருப்பது மீனவரின் பேச்சிலும் ஆட்டுக்காரரின் நடையிலும் இருக்கிறது. அச்சில் ஏறவே இல்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கும் நிம்மதி இல்லை. எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் அதே அமானோ 2023-இல் கேட்டறிந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் கட்டுரைகள் மொழிக்காக நிராகரிக்கப்படுவது இரண்டரை மடங்கு அதிகம். ஆங்கிலத்தைத் திருத்தி வா என்று திருப்பி அனுப்பப்படுவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். நம் கல்லூரிகளில் முதல் தலைமுறையாகப் படித்து மேலே வந்து, களத்தில் பிரமாதமாக வேலை செய்து, கட்டுரை எழுதும் கட்டத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உலக அளவில் உள்ள இந்தக் கோணல் நம் நாட்டுக்குள்ளும் அப்படியே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2022-ஆம் ஆண்டுப் புலிகள் கணக்கெடுப்பில் நாடெங்கும் 32,588 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. நான்கு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. புலிக்கு அது தேவை. அந்த உழைப்பால்தான் புலி மிஞ்சியிருக்கிறது. ஆனால் கரூர், திண்டுக்கல் பக்கத்து முள்காடுகளில் இரவெல்லாம் மரக்கிளையில் ஊர்ந்து பூச்சி பிடிக்கும் தேவாங்குக்கு 2022 அக்டோபரில்தான், கடவூரில், ஒரு சரணாலயம் வாய்த்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அதுதான் முதல் சரணாலயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் ஏராளம். சேர்வராயனுக்கும் கல்வராயனுக்கும் சவ்வாது மலைக்கும் வருகிறவர்கள் சொற்பம். உடைமரமும் கள்ளியும் நிற்கும் பொட்டலை அரசுப் பதிவேடு தரிசு என்றே எழுதுகிறது. அங்கே தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் பட்டா கிடையாது.

பறவைகள் நிலை கொஞ்சம் தேவலாம், பார்க்கிறவர்கள் பெருகிவிட்டதால். 2023-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. அப்படியிருந்தும், எடுத்துக்கொண்ட 942 இனங்களில் 338-க்குத்தான் நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதிய தகவல் இருந்தது. அந்த 338-இல் அறுபது விழுக்காடு குறைந்திருந்தன. மூன்று கோடிப் பதிவு இருந்தும் இந்த நிலை என்றால் சிலந்திக்கும் நத்தைக்கும் மண்புழுவுக்கும் யார் இருக்கிறார்கள்?

எழுதி வைப்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுவேன். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சமணர் படுக்கைகள், குடைவரைக் கோயில் கொண்ட ஊர். பெருங்காடு கிடையாது, வெறும் பாறை என்று வெளியூர்க்காரர் கடந்துபோகும் இடம். உள்ளூர் மக்களும் மதுரைப் பக்கத்து இயற்கை ஆர்வலர்களும் அங்கே பறவைகளைப் பட்டியலிட்டார்கள். சுமார் 250 இனங்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் அந்தக் குன்றுகளில் உண்டு. தேவாங்கும் அழுங்கும் உண்டு. 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. பாரம்பரியத் தலம் அதற்குள் அடக்கம். மேலூர் மக்கள் திரண்டார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மதுரைக்கு ஊர்வலமாக ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் நடுவில் நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிசம்பர் கடைசியில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் முதலில் எடுத்த நடவடிக்கை, பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட முடியுமா என்று பார்க்கப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டதுதான். அதாவது, பட்டியல் எழுதி அரசிதழில் ஏறிய 193 ஹெக்டேருக்கு உடனே ஒரு மரியாதை கிடைத்தது. மீதி 1,800-க்கும் மேற்பட்ட ஹெக்டேருக்காக மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மக்கள் இறங்கினார்கள், வென்றார்கள். அந்த மீதி நிலத்திலும் வல்லூறு பறக்கிறது, கண்மாய் நிறைகிறது. எழுதித்தான் வைக்கவில்லை.

எல்லா ஊருக்கும் அத்தனை பேர் திரள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதற்குப் பக்கத்து மாநிலம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். மாநிலத்தையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போவது என்பதைக் குலுக்கலில் விட்டார்கள். விருப்பமான ஏரிக்கும் புகழ்பெற்ற சரணாலயத்துக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் ரப்பர்த் தோட்டத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நெல்வயலுக்கும் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் பதினைந்து நிமிடப் பட்டியல், மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட பருவத்தில் ஒரு முறை. 25,000-க்கும் மேற்பட்ட பட்டியல்கள், மூன்று லட்சம் பதிவுகள், 361 இனங்கள். பிடித்த இடத்துக்கு மட்டும் போகும் பழக்கத்தை முறியடித்ததுதான் அதன் பெருமை. மாணவர், ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்றவர் என்று எல்லோரும் இருந்தார்கள்.

தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்துகிறார்கள், பைனாகுலர்கூடக் கட்டாயமில்லை. சொந்த ஊருக்குப் போகும் நாள்களாகப் பார்த்து வைத்தது நல்ல யோசனை. சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் அந்த நாலு நாளில்தான் கமுதிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் ஆத்தூருக்கும் போகிறார்கள். அதிகம் பேர் பட்டியல் எழுதாத ஊர்கள் அவை.

அடுத்த இதழிலிருந்து ‘எங்கள் ஊர்ப் பட்டியல்’ என்று இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். பறவை, பட்டாம்பூச்சி, தவளை, பாம்பு, மீன், செடி, எதுவானாலும் சரி. சரணாலயங்களிலிருந்து எழுதுவதைவிட வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஓடை, ஊர்ப் பொட்டல், சுடுகாட்டு மரங்கள், மூடிய செங்கல் சூளை இவற்றிலிருந்து வருவதை நாங்கள் அதிகம் எதிர்பார்க்கிறோம். தேதி, நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்பது கட்டாயம். போய் நின்று ஒன்றும் பார்க்கவில்லை என்றால் அதையும் தேதியோடு எழுதுங்கள். பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அது உதவும். மழையில் ஒரு முறையும் வெயிலில் ஒரு முறையும் அதே இடத்துக்குப் போனால் இன்னும் நல்லது. பெயர் தெரியாத உயிருக்கு ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள், படம் இருந்தால் இணையுங்கள். துறை அறிந்தவர்களிடம் கேட்டு நாங்கள் உங்களுக்குப் பதில் எழுதுவோம். பாட்டியோ தாத்தாவோ சொன்னதை எழுதினால் அவர்கள் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். பட்டியலுக்குக் கீழே அவர்கள் பெயர் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தேவாங்கு, அழுங்கு, நட்சத்திர ஆமை, வல்லூறின் கூடு ஆகியவற்றைப் பார்த்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மரம், எந்தப் பாறை என்பது எங்களுக்கும் வேண்டாம். பிடித்து விற்கிறவர்களும் இதழ் படிக்கிறார்கள். அவற்றை வட்டார வனத்துறை அலுவலகத்தில் நேரில் சொல்லிவிடுங்கள். சொன்ன தேதியை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்